காட்டாற்றில் கயாக்: சாலிப்புழாவில் இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோழிக்கோடு மாவட்டத்தில், வயநாட்டு மலையின் அடிவாரத்தில் கோடஞ்சேரி என்று ஓர் ஊர். அதைத் தாண்டி துஷாரகிரி அருவிப் பக்கம் போனால் சாலிப்புழா ஓடுகிறது. சித்திரையில் போனால் யானை யானையாகப் பாறைகள் கிடக்கும், நடுவே கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். ஆடியில் அதே இடத்தில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்த மழைத் தண்ணீரை நம்பித்தான் 2013-லிருந்து இங்கே மலபார் நதித் திருவிழா நடக்கிறது. பல நாடுகளிலிருந்து கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் சிறு படகு) ஓட்டுபவர்கள் வந்து சாலிப்புழாவிலும் இருவஞ்சிப்புழாவிலும் இறங்குகிறார்கள்.

கோவையிலிருந்து காரில் ஐந்து மணி நேரம்தான். அதனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாராவது என்னிடம் கேட்பார்கள்: "அண்ணா, நானும் வந்தா ஓட்டலாமா?" அவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நேராக ஆற்றில் இறங்கிவிட முடியாது. பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அவர் சொல்வது ஏன் என்று இதைப் படித்தால் புரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. காட்டாற்றில் போவதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் கற்க வேண்டியது நிற்பதற்கு. எங்கே நிற்கலாம், எப்படி நிற்கலாம், யார் நின்ற பிறகு யார் கிளம்பலாம் என்பதைச் சுற்றித்தான் கீழே உள்ள எல்லாமே வரும்.

1. எந்த மாதிரி ஆறு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரிஷிகேஷ் கங்கையில் ராஃப்டிங் (ரப்பர் படகில் குழுவாக ஆற்றில் இறங்குவது) போனவர்கள் "அதே மாதிரிதானே" என்பார்கள். இல்லை. கங்கை அகலமானது. ஒரு ரேப்பிட், அதாவது தண்ணீர் பாறைகளில் மோதி நுரைத்து விரையும் இடம், முடிந்ததும் அமைதியான நீர் வரும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மலையோடை குறுகலானது, படிக்கட்டு மாதிரி இறங்குவது. பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கும் ஓடையை கயாக்கர்கள் 'க்ரீக்' என்பார்கள். தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் பாறைகளுக்கு நடுவே திரும்பித் திரும்பி விழும். ஒரு படி முடியும் இடத்திலேயே அடுத்த படி தொடங்கும்.

உலகம் முழுக்க ஆறுகளுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று, மெல்ல ஓடும் நீர். மூன்று, ஒழுங்கில்லாத அலைகள், குறுகலான வழி, திறமையாகத் திருப்ப வேண்டிய இடங்கள். நான்கில் கட்டாயம் எடுக்க வேண்டிய திருப்பங்கள் இருக்கும், தவறினால் அடிபடலாம். ஐந்தில் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆறு என்பது ஓட்டவே முடியாது என்ற எல்லையில் இருப்பது. ஆனால் இந்த எண் ஆற்றோடு ஒட்டிப் பிறந்ததில்லை. காலையில் மூன்றாக இருந்த இடம், மேலே மலையில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் மதியம் நான்கைத் தாண்டிவிடும்.

2. முதல் ஒரு வருடம் மலைக்குப் போகாதீர்கள்

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அடுத்தது ரோல். கவிழ்ந்த படகுக்குள் இருந்தபடியே துடுப்பாலும் இடுப்பாலும் படகைத் திருப்பி எழுவதற்குப் பெயர் அது. இதை நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்ளலாம். குளத்தில் பத்துக்குப் பத்து எழுந்தால்தான் ஆற்றில் ஏழெட்டு முறையாவது எழுவீர்கள். இரண்டு பக்கமும் எழப் பழகுங்கள். வலது பக்கம் பாறை இருந்தால் இடது பக்கம்தான் எழ முடியும்.

ரோலைவிட முக்கியம், கவிழ்ந்த அந்த நொடியில் உடம்பு எப்படி இருக்கிறது என்பது. ஓடையில் தலைக்குக் கீழே ஓரடியில் பாறை இருக்கும். பின்னால் மல்லாந்தால் முகம் பாறையில் தேயும். கவிழும்போதே முன்னால் குனிந்து, நெற்றி படகின் மேல்தளத்தைத் தொடும்படி சுருண்டுகொள்ள வேண்டும். இது யோசிக்காமலே வரும்வரை குளத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

பிறகு அகன்ற ஆறு. குளிர்கால கங்கை நல்ல பள்ளிக்கூடம். கர்நாடகத்தில் தாண்டேலி பக்கம் காளி ஆறு, மேலே அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரில் ஓடுவதால் ஓரளவு கணக்காக இருக்கும். இரண்டு, மூன்றாம் தர நீரில் ஒரு முழுப் பருவம் ஓட்டுங்கள். ஓட்டத்தைக் குறுக்கே கடப்பது, ஓட்டத்துக்குள் நுழைவது, வெளியே வருவது, இந்த மூன்றும் கைக்கு வரட்டும்.

3. படகும் உடுப்பும்

ஓடைக்கென்று தனிப் படகு இருக்கிறது. எட்டு முதல் ஒன்பது அடி நீளம், கெட்டியான பாலிஎத்திலீன் உடல், முன்னும் பின்னும் வாழைப்பழம் போல மேல்நோக்கி வளைந்த மூக்கு. உள்ளே காற்று நிறைய இருப்பதால் விழுந்தாலும் உடனே மேலே மிதந்து வரும். வெறும் படகே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். தோளில் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் நடக்கவும் தெரிய வேண்டும். அதற்கும் பழகுங்கள், கால் சுளுக்குவது பெரும்பாலும் கரையில்தான்.

உட்காரும் இடம் உங்கள் இடுப்புக்கும் தொடைக்கும் பிடித்தமாக இருக்க வேண்டும். செருப்பு தளர்ந்தால் நடை தளர்வது போல, படகு தளர்ந்தால் ரோல் தளரும். ஆனால் வெளியேற வேண்டும் என்றால் ஒரே இழுப்பில் வெளியே வர முடிய வேண்டும். படகுக்குள் தண்ணீர் வராமல் உட்காரும் திறப்பை மூட இடுப்பைச் சுற்றி மாட்டும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்பக்க வளையம் எப்போதும் வெளியே தொங்கட்டும். அவசரத்தில் அதை உள்ளே மடித்து மாட்டிவிட்டால், கவிழ்ந்த பிறகு பிடித்து இழுக்க ஒன்றும் இருக்காது. நான் இன்றும் ஸ்கர்ட் மாட்டியதும் வளையத்தை ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகுதான் துடுப்பை எடுக்கிறேன்.

ஹெல்மெட், முடிந்தால் முகத்தையும் மூடுவது. லைஃப் ஜாக்கெட், இழுத்தால் கழன்றுவிடும் மீட்புப் பட்டையோடு. விசில், கத்தி, முழங்கை காப்பு, வழுக்காத அடியுள்ள ஷூ. செருப்பு போட்டுக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும் 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறுள்ள த்ரோ பேக், தண்ணீரில் நீந்துபவருக்கு எறியும் பை. குழுவுக்கு ஒரு மடக்குத் துடுப்பு, சிறு ரம்பம், கேரபினர் என்ற கொக்கி வளையம், கப்பி, முதலுதவிப் பை.

4. எடி: நிற்கும் இடம்

ஓட்டத்தின் நடுவே ஒரு பாறை. தண்ணீர் அதன் இருபுறமும் பிரிந்து விரைகிறது. பாறைக்குக் கீழ்ப்புறம், அதன் நிழல் போல ஓர் இடம் காலியாகிறது. அதை நிரப்பத் தண்ணீர் கீழிருந்து மேல்நோக்கித் திரும்பி வருகிறது. அந்த இடத்துக்குப் பெயர் எடி. உள்ளே புகுந்துவிட்டால் சுற்றிலும் ஆறு ஆர்ப்பரிக்க, நீங்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கலாம்.

நுழைவதுதான் கலை. மேலே போகும் நீரும் கீழே போகும் நீரும் உரசும் எல்லையில் ஒரு கோடு தெரியும். சில இடத்தில் அது சுழிகளின் வரிசையாகவே இருக்கும். அதை மெதுவாகக் கடந்தால் கோடே படகைக் கவிழ்த்துவிடும். எடியின் மேல் நுனியைக் குறிவையுங்கள், பாறையை உரசிக்கொண்டு போகிற அளவுக்கு. வேகம் வேண்டும். கோட்டைச் சாய்வாக வெட்டுங்கள். மூக்கு உள்ளே போனதும் படகைத் திரும்பும் பக்கம் சாயுங்கள், வளைவில் சைக்கிள் ஓட்டும்போது உள்பக்கம் சாய்கிறோமே, அதே மாதிரி. சாய்க்க மறந்தால் திரும்பிவரும் நீர் படகின் விளிம்பை அடியில் இழுத்து உங்களைத் தலைகீழாக்கும்.

பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றுதான். எளிதான ரேப்பிட் ஒன்றை எடுத்து, அதில் எத்தனை எடி பிடிக்க முடியும் என்று எண்ணுங்கள். முதல் நாள் மூன்று, பத்தாவது நாள் பதினொன்று. ஒரு படகுக்கே இடமில்லாத குட்டி எடிகளையும் விடாதீர்கள்.

என் இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு நாள். முன்னால் போன இருவர் இடது கரையோர எடியில் நின்றார்கள். அதில் இரண்டு படகுக்குத்தான் இடம். நான் மூன்றாவதாகக் கிளம்பி வந்துவிட்டேன். இடமில்லாமல் அவர்களைத் தாண்டிக் கீழே போனேன். வளைவு திரும்பியதும் ஒரு கமுகு மரம், ஆற்றுக்குக் குறுக்கே, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. படகைக் கரைப்பாறையில் மோதவிட்டு, தொங்கிய வேர் ஒன்றை வெறும் கையால் பிடித்து நின்றேன். துடுப்பு மரத்துக்கு அடியில் போய் மறைந்தது. மறுபக்கம் வரவே இல்லை. உள்ளங்கைத் தோல் ஆற ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி: முன்னால் இருப்பவர் தன் எடியைக் காலி செய்த பிறகுதான் பின்னால் இருப்பவர் தன் எடியை விட்டுக் கிளம்பலாம்.

5. தண்ணீர் சொல்வதைப் படியுங்கள்

ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் மேல் கொடுக்கும் விசை நான்கு மடங்காகும். இடுப்பளவு ஓடை ஒரு ஆளைப் பாறையோடு அழுத்திப் பிடித்துவிடுவது இதனால்தான்.

பாறையைப் பார்க்கும் விதம் இது. தண்ணீர் வந்து மோதும் இடத்தில் முட்டி எழும்பி, வெள்ளைத் தலையணை போல நுரைத்தால், அந்தப் பாறை கெட்டியானது. தண்ணீர் படகையும் அந்த நுரையில் ஏற்றித் திருப்பிவிடும். வேகமாக வரும் தண்ணீர் பாறையில் எழும்பாமல், சத்தமில்லாமல் அதற்குள் போவது போலத் தெரிந்தால் அடியில் குடைவு இருக்கிறது, அல்லது பாறைகளுக்கு நடுவே சல்லடை போல வழி இருக்கிறது. தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. அமைதியாகத் தெரியும் அந்தப் பாறையைத்தான் நான் அதிகம் பயந்து பார்ப்பேன்.

அடுத்தது ஹோல். படியிலிருந்து விழும் நீர் அடியில் போய், மேல்நீர் பின்னோக்கி உருளும் இடம். மிதப்பதை எல்லாம் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். கரையிலிருந்து ஒரு கட்டையை எறிந்து பாருங்கள். இரண்டு சுற்றில் வெளியே வந்தால் நீங்களும் வருவீர்கள். ஹோலின் இரு ஓரங்களும் கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஓரம் வழியாகத் தப்பலாம். ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து, நடுப்பகுதி கீழே தள்ளியிருந்தால் அது உங்களை நடுவிலேயே வைத்திருக்கும்.

இதில் மிகக் கொடியது மனிதர் கட்டியது: தடுப்பணை. கரையிலிருந்து கரைவரை ஒரே நேர்கோட்டில், ஒரே மாதிரி உருளும் நீர். இரண்டு ஓரமும் கான்கிரீட் சுவர், தப்பிக்க ஓர் இடைவெளிகூட இருக்காது. மூன்றடி உயரத் தடுப்பணைதானே என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருடமும் தடுப்பணைகளில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோமே, அதற்கு இந்த உருளும் நீரும் ஒரு காரணம். தடுப்பணை வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு நடங்கள். இதில் விலக்கே கிடையாது.

பிறகு மரம். மலபார் ஓடைகளின் இரு கரையிலும் கமுகு, தென்னை, ரப்பர், மூங்கில். இரவு காற்றடித்தால் காலையில் ஏதாவது ஒன்று ஆற்றில் கிடக்கும். வால்ட் பிளாக்கடார் என்ற அமெரிக்க மருத்துவர் 1971-ல் கனடாவின் ஆல்செக் ஆற்றில், அதுவரை யாரும் ஓட்டாத டர்ன்பேக் பள்ளத்தாக்கைத் தன்னந்தனியாக ஓட்டி முடித்தவர். அவர் 1978-ல் இறந்தது அந்த மாதிரி ஒரு பள்ளத்தாக்கில் இல்லை. தான் வாழ்ந்த ஐடஹோ மாநிலத்து ஆறு ஒன்றில், ஒரு மரத்தில் சிக்கி இறந்தார். நேற்று ஓட்டிய ஆறுதானே என்ற எண்ணத்தோடு இன்று இறங்காதீர்கள்.

6. கிளம்பும் நாள் காலை

வானிலைத் துறையின் அறிவிப்பை முந்தின இரவும் பாருங்கள், காலையும் பாருங்கள். மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் ஆற்றுக்கே போக வேண்டாம். மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருந்தால் அதை மதியுங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவு முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்களை அழித்தபோது, இறந்தவர்களின் உடல்களைப் பல மைல் கீழே சாலியாறு கொண்டுவந்து சேர்த்தது. சாலிப்புழாவின் தண்ணீரும் கடைசியில் அந்தச் சாலியாற்றில்தான் சேர்கிறது.

ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். ஆற்றோரத்து டீக்கடைச் சேட்டனுக்கு எந்தச் செயலியையும்விட ஆறு தெரியும். ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள்: மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர். "வெள்ளம் உண்டு" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். 'மலவெள்ளம்' என்றால் ஓடுங்கள், அதுதான் நம் காட்டாற்று வெள்ளம்.

இறங்குமுன் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை நடுங்கள். ஒருமுறை அப்படி ஒரு வெள்ளைக் கல்லை நட்டுவிட்டு, ஸ்கர்ட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கல்லைக் காணோம். அது இருந்த இடத்தின் மேல் அரை சாண் தண்ணீர் ஓடியது. எங்களுக்கு மேலே வானம் வெளிறி, மழை இல்லாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீ நிறத்திலிருந்து செம்மண் நிறமானது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன, ஈரமண் வாசனை வந்தது. படகுகளைத் திரும்ப ஜீப்பில் ஏற்றினோம். நிறம், குப்பை, வாசனை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நீங்கள் ஆற்றின் நடுவில் இருந்தாலும் உடனே கரையேறுங்கள்.

7. குழுவும் சைகையும்

மூன்று பேருக்குக் குறைவாக இறங்கக் கூடாது. ஒருவர் மாட்டினால், ஒருவர் உதவ, ஒருவர் கரையேறி ஆள் கூப்பிட. ஆறு பேருக்கு மேல் போனால் எடியில் இடம் போதாது.

தண்ணீர்ச் சத்தத்தில் குரல் எடுபடாது. துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் 'வா'. தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் 'நில்'. துடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் போ. ஆபத்து இருக்கும் பக்கத்தை ஒருபோதும் காட்டக் கூடாது, போக வேண்டிய வழியை மட்டும் காட்ட வேண்டும். விசில் மூன்று முறை என்றால் ஆபத்து. தலையைத் தட்டிக் காட்டினால் 'நல்லா இருக்கியா?' அவரும் தலையைத் தட்டினால் நிம்மதி.

எடியில் உட்கார்ந்து அடுத்த எடி தெரிந்தால் போகலாம். தெரியவில்லை என்றால், ஆறு சட்டென்று விளிம்பு கட்டி மறைகிறது என்றால், இறங்கி நடந்து பாருங்கள். கீழிருந்து மேலாகப் பாருங்கள்: முதலில் கடைசியில் எங்கே நிற்பேன், அதற்கு எந்தப் பக்கம் விழ வேண்டும், அதற்கு எங்கிருந்து நுழைய வேண்டும். கவிழ்ந்தால் எங்கே அடித்துப் போவேன் என்பதையும் பாருங்கள். கயிறோடு ஒருவரை அங்கே நிறுத்துங்கள். மனசு ஒட்டவில்லை என்றால் படகைத் தோளில் போட்டு நடங்கள். எங்கள் குழுவில் நடப்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

8. பூஃப்: விழாமல் இறங்குவது

சின்ன அருவிகளில் மூக்கு முதலில் விழுந்தால் படகு ஹோலுக்குள் முங்கும், அடியில் பாறை இருந்தால் மூக்கு சொருகிக்கொள்ளும். அதனால் தட்டையாக, ஹோலைத் தாண்டி விழ வேண்டும். அப்போது படகின் அடி தண்ணீரில் அடிபடும் சத்தம்தான் பூஃப்.

விளிம்பை நோக்கி மிதமான வேகம். மூக்கு விளிம்பைத் தாண்டும் நொடியில் துடுப்பை விளிம்பின் மீது செங்குத்தாக ஊன்றி, இடுப்பு வரை ஒரே நீளமாக இழுங்கள். இழுக்கும்போதே இரண்டு முழங்காலையும் மார்புக்கு இழுப்பது போல் தூக்குங்கள். பலர் சீக்கிரம் இழுத்துவிடுவார்கள், அப்போது மூக்கு தொங்கிவிடும். பொறுங்கள். காற்றில் இருக்கும்போது முன்னால் குனிந்துகொள்ளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தபடி விழுந்தால் அடி முழுவதும் முதுகெலும்புக்குப் போகும்.

உயரம் கூடினால் கணக்கு மாறும். நுரை மெத்தை மாதிரி, நுரையில்லாத பச்சைத் தண்ணீர் சிமெண்டுத் தரை மாதிரி. நான்கைந்து மீட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரில் தட்டையாக விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. அங்கே மூக்கைச் சாய்வாக உள்ளே விட வேண்டும். அதற்கு ஆழம் வேண்டும், அந்த ஆழத்தை மழைக்கு முன்பே, தண்ணீர் வற்றிய நாளில் வந்து பார்த்திருக்க வேண்டும். நான் மாசி, பங்குனியில் சாலிப்புழாவில் நடப்பது அதற்காகத்தான். இந்தப் பக்கத்தில் புலிக்கயம், பதங்கயம் என்று ஊர்ப் பெயரிலேயே 'கயம்' இருக்கிறது. நம் சங்கப் பாட்டில் வரும் அதே கயம்தான், ஆழமான மடு. ஆனாலும் பெயரை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

9. கவிழ்ந்தால், நீந்தினால், மாட்டினால்

படகு பக்கவாட்டில் பாறையில் மோதினால், பாறையை விட்டு விலகச் சாய்வதுதான் எல்லோருக்கும் இயல்பாக வரும். அது தவறு. மேலிருந்து ஓடிவரும் நீர் படகின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்க்கும், படகைப் பாறையில் சுற்றும். பாறையை நோக்கிச் சாயுங்கள், உறவினரைத் தழுவுவது போல அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு கையால் தள்ளி நகருங்கள்.

ரோல் வரவில்லை என்றால் ஸ்கர்ட் வளையத்தை முன்னால் இழுத்து வெளியேறுங்கள். மல்லாந்து, கால் கீழ்ப்பக்கம், பாதம் நீர்மட்டத்தில். ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் சிக்கினால் ஓட்டம் உங்களை முன்னால் மடக்கி முக்கிவிடும். எடி தெரிந்தால் குப்புறத் திரும்பி முழுப் பலத்தோடு நீந்துங்கள். தப்பவே முடியாமல் மரத்தை நோக்கிப் போனால் மட்டும் எல்லாம் தலைகீழ்: தலை முன்னால், வேகமாக நீந்தி, மரத்தின் மேல் ஏறி விழுங்கள். கால் முதலில் போனால் கிளைகளுக்கு அடியில் இழுக்கும்.

கயிறு எறிபவர் "கயிறு!" என்று கத்தி, நீந்துபவர் திரும்பிப் பார்த்த பிறகு எறிய வேண்டும். நீந்துபவர் கயிற்றை மார்போடு பிடித்து, தோளுக்கு மேலே போகவிட்டு, மல்லாந்திருக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இருவருமே. எறிந்தவர் உட்கார்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் அவரும் போவார். இதை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், எளிதான நீரில், ஆளாளுக்குப் பத்து முறை செய்து பார்க்கிறோம்.

10. கரையேறிய பிறகு

முதலில் ஆட்களை எண்ணுங்கள், பிறகு படகுகளை. யாராவது தலையில் அடி வாங்கியிருந்தால், "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும், அவரிடம் கார் சாவியைக் கொடுக்காதீர்கள்.

த்ரோ பேக்கை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள். கயிற்றை முழுவதும் வெளியே இழுத்து, மணலை அலசி, நிழலில் கொடியில் காயப்போடுங்கள். காய்ந்ததும் விரல்களுக்கிடையில் ஓடவிட்டு எங்காவது நார் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு பையின் வாயை விரித்துப் பிடித்து, பிடிபிடியாக உள்ளே தள்ளுங்கள். சுருட்டி வைத்தால் எறியும்போது முடிச்சு விழும். நாளைக் காலை அந்தப் பையை எறியப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.